மனசு கேள்வி-பதில்: ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் நிம்மதி நிற்குமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கண்ணில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட் (கணினி உருவாக்கும் காட்சிக்குள்ளேயே நாம் இருப்பது போலக் காட்டும் கருவி), விரலில் மாட்டும் சென்சார், மணிக்கட்டில் கட்டும் வாட்ச், இதனாலெல்லாம் டென்ஷன் குறையுமா, காசு போட்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 18 வருஷமாக பயோஃபீட்பேக் கருவியோடு (உடம்பில் நடப்பதை அளந்து அந்த நொடியே நமக்குக் காட்டும் கருவி) உட்கார்ந்திருப்பவள் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஓய்வறை ஒன்றில் வி.ஆர். ஹெட்செட் வைத்திருக்கிறார்கள். மத்தியானம் பத்து நிமிஷம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கடற்கரை, அலை, தென்னை மரம் என்று சொர்க்கமாக இருக்கிறது. ஆனால் சீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்ததும் பழையபடி கழுத்து இறுகிவிடுகிறது. இது வெறும் ஏமாற்றா? (ஒரு வாசகர், சிறுசேரி)

ஏமாற்று என்று சொல்லிவிடாதீர்கள், அந்தப் பத்து நிமிஷ நிம்மதி நிஜம்தான். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஹார்பர்வியூ என்று ஒரு மருத்துவமனை, தீக்காய சிகிச்சைக்குப் பேர் போனது. தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டுப் பிரித்து, காயத்தைச் சுத்தம் செய்து, மறுபடி கட்டுப் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. எவ்வளவு வலி மருந்து கொடுத்தாலும் அந்த நேரத்து வேதனை தாங்க முடியாதது. 1996 வாக்கில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் அங்கே வி.ஆர். வைத்து முயற்சியைத் தொடங்கினார்கள், பிறகு இதற்கென்றே 'ஸ்னோவேர்ல்ட்' என்று ஒரு பனி உலகத்தையும் உருவாக்கினார்கள். நோயாளி ஹெட்செட்டுக்குள் பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனி மனிதர்கள் மேலும் பென்குயின்கள் மேலும் பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார், வெளியே நர்ஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார். வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். 2004-இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது வலியோடு தொடர்புள்ள பகுதிகளின் வேலையும் குறைந்திருந்தது தெரிந்தது. கவனம் என்பது ஒரு கிணறு மாதிரி. பனிப்பந்து எறிய அதிலிருந்து நிறைய இறைத்துவிட்டால் வலிக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

ஆனால் கட்டு மாற்றுவது கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், உங்கள் வேலை முடியாது. அது சீட்டிலேயே காத்துக்கொண்டிருக்கிறது. அதனால் கவனத்தைத் திருப்புவது மட்டும் உங்களுக்குப் போதாது, திரும்பி வரும்போது கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும். கடற்கரைக் காட்சியில் நீங்கள் வெறும் பார்வையாளர். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்த அலை அப்படியேதான் வரும். பயோஃபீட்பேக் சேர்த்த வி.ஆர். வேறு மாதிரி, அங்கே காட்சி உங்கள் உடம்புக்குப் பதில் சொல்லும். 'டீப்' என்று ஒன்று இருக்கிறது, ஓவன் ஹாரிஸும் நிக்கி ஸ்மிட்டும் உருவாக்கியது, நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் உள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்து ஆட்கள் அதை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட் கட்டுவார்கள், வயிறு விரிவதையும் சுருங்குவதையும் அது அளக்கும். ஹெட்செட்டுக்குள் நீங்கள் கடலுக்கு அடியில் இருப்பீர்கள், மூச்சை உள்ளே இழுத்தால் மேலே மிதப்பீர்கள், விட்டால் மெல்ல இறங்குவீர்கள். வண்டியை ஓட்டுவது உங்கள் மூச்சுதான், பட்டனெல்லாம் கிடையாது. மேல்நெஞ்சால் படக் படக்கென்று மூச்சு விட்டால் சரியாக மிதக்க முடியாது என்பதால் யாரும் சொல்லாமலேயே வயிற்றால் மூச்சுவிடப் பழகிவிடுகிறோம்.

உங்கள் அலுவலக ஹெட்செட்டில் மூச்சோடு இணைந்த பயிற்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, பத்து நிமிஷத்தில் கடைசி மூன்று நிமிஷம் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, அதே நிதானத்தில் மூச்சைத் தொடருங்கள். சீட்டுக்கு வந்ததும் லேப்டாப் மூடியைத் திறக்கும் முன் இன்னும் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தை விட்டுவிடவே கூடாது. அப்புறம், லேப்டாப் திரை கண் உயரத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள். குனிந்தே வேலை பார்த்தால் எந்தக் கடற்கரையும் கழுத்தைக் காப்பாற்றாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பயோஃபீட்பேக் என்றால் என்ன? விரலில் வயர் மாட்டுகிறார்களாமே, கரண்ட் விடுவார்களா? (ஆர்., கும்பகோணம்)

ஐயா, உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், பெயர்தான் புதுசு. பரீட்சை ஹாலில் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். 'கை சில்லிட்டுப் போச்சு', 'உள்ளங்கை வேர்த்துடுச்சு', 'நெஞ்சு படபடங்குது' என்று நாம் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு சென்சார் இருக்கிறது. பயம் வந்தால் விரல் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்தம் குறையும், விரல் குளிரும். விரல் நுனியில் ஒட்டும் சின்ன வெப்பமானி அதைக் காட்டிவிடும். உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகள் வெயிலைவிட மனசுக்குத்தான் அதிகம் பதில் சொல்லும், அதற்கு இன்னொரு சென்சார். இதயத் துடிப்புக்கு ஒன்று, தோள்பட்டை, நெற்றித் தசை இறுகுவதற்கு ஒன்று. இதில் வியர்வையைப் பார்க்கும் சென்சார் மட்டும் நமக்கு உணரவே முடியாத அளவு மிகச் சின்ன மின்னோட்டத்தைத் தோலில் விட்டுப் பார்க்கும். ஷாக் அடிக்காது, பயப்படாதீர்கள். மற்றவை எல்லாம் உடம்பிலிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறவை மட்டுமே.

இப்படி வாங்கியதைத் திரையில் கோடாகவோ சத்தமாகவோ அந்த நொடியே உங்களுக்குத் திருப்பிக் காட்டுவதற்குப் பெயர்தான் பயோஃபீட்பேக். 1969-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்தத் துறை ஆட்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கியபோது இந்தச் சொல் நிலைத்தது. அடுத்த வருஷமே கான்சஸ் மாநிலத்து மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீன் என்பவர் நம் நாட்டிலிருந்து போன சுவாமி ராமாவை உட்காரவைத்து அளந்தார். ஒரே உள்ளங்கையில் இரண்டு இடங்களுக்கு நடுவே ஏறக்குறைய 10 டிகிரி பாரன்ஹீட் வித்தியாசத்தை அவர் வரவழைத்ததாகப் பதிவாகியிருக்கிறது. கிரீன் அப்போதே சாதாரண ஆட்களுக்கும் கையைச் சூடாக்கும் பயிற்சியைக் கொடுத்து, ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. முதல் நாள், ஆள்காட்டி விரலில் சென்சாரை டேப் போட்டு ஒட்டினேன், திரையில் 27.4 டிகிரி செல்சியஸ். "இதை ஏத்தணும், அவ்வளவுதானே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார், புருவத்தைச் சுருக்கித் திரையை முறைத்துப் பார்த்தார். 27.1. இன்னும் முறைத்தார். 26.8. பத்து நிமிஷம் கழித்து, "எனக்கு வராது மேடம், விடுங்க" என்று நாற்காலியில் சாய்ந்து, ஊரில் அம்மா கட்டி வைக்கும் முல்லைப்பூ பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, திரையை மட்டும் கையால் காட்டினேன். 29.6 ஆகி, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. 'முயற்சி செய்யாமல் செய்வது எப்படி' என்று ஒரு மணி நேரம் வாயால் விளக்கினாலும் புரியாத விஷயம் அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. கருவிக்கு நான் கொடுக்கும் மரியாதை இதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் பாட்டி தினமும் சாயந்திரம் ஜெபமாலை சொல்லி முடித்தால் அப்படி ஓர் அமைதியாகிவிடுகிறார். என் போனில் உள்ள ஆப்போ நிமிஷத்துக்கு 6 மூச்சு விடு என்கிறது. அது ஏன் 6? பாட்டிக்கு இல்லாத கருவி எனக்கு எதற்கு? (மெ., தூத்துக்குடி)

உங்கள் பாட்டியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் சந்தோஷமாகிவிட்டது, ஏனென்றால் நீங்கள் கேட்ட இரண்டும் ஒன்றேதான். 2001-இல் இத்தாலியின் பவியா நகரத்து மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள், அப்புறம் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு 6 என்ற கணக்குக்கு வந்து நின்றது. ஜெபத்தில் பாதியை ஒருவர் சொல்ல, மீதியை மற்றவர்கள் சொல்வார்கள் இல்லையா, அந்த ஒரு சுற்று ஏறக்குறைய 10 நொடி. தாமாக வரும் மூச்சு நிமிஷத்துக்கு 12-க்கு மேல்தான் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும்.

ஏன் 6 என்றால், இதற்கு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறினால் கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள பெரிய ரத்தக் குழாய்களில் இருக்கும் உணர்விகள் மூளைக்குச் சொல்லும், மூளை இதயத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும், அழுத்தம் இறங்கும், இறங்கினால் மறுபடி வேகமாக்கும். இந்தப் போக்குவரத்துக்கு நேரம் பிடிக்கிறது, ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 10 நொடி. இன்னொரு பக்கம், மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிப்பது எல்லாருக்கும் இயல்பு. மூச்சையும் 10 நொடிக்கு ஒன்றாக விட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஊஞ்சல் பின்னால் வந்து நிற்கும் அந்த நேரம் பார்த்துத் தள்ளுவது போல, சின்னத் தள்ளலிலேயே பெரிய வீச்சு கிடைக்கிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் எவ்ஜெனி வஷில்லோ இதைக் கண்டு சொன்னார், அமெரிக்காவில் பால் லேரர் அவரோடு சேர்ந்து சிகிச்சை முறையாக்கினார். எல்லாருக்கும் சரியாக 6 என்றும் கிடையாது, பெரியவர்களுக்கு 4.5-இலிருந்து 6.5 வரை ஆளுக்கு ஆள் மாறும். உயரமானவர்களுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் குறைவாக வரும்.

பாட்டிக்குக் கருவி வேண்டாம். அவர் எத்தனையோ வருஷமாக மணி உருட்டுகிறார், அதில் மூச்சு மட்டும் இல்லை, நம்பிக்கையும் இருக்கிறது, அதை அளக்க நான் யார். உங்களுக்குக் கருவி எதற்கு என்றால், 'மெதுவாகத்தான் மூச்சு விடுகிறேன்' என்று நினைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு 14 விட்டுக்கொண்டிருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு மாசம் திரையில் பார்த்துப் பழகினால் அப்புறம் உடம்பே சொல்லிவிடும். இல்லாவிட்டால் சாயந்திரம் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள், அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எல்லாரும் 'ரிலாக்ஸ் ஆகு, கண்ணை மூடி மூச்சைக் கவனி' என்கிறார்கள். நான் கண்ணை மூடினால்தான் பயமே ஆரம்பிக்கிறது. இதயம் அடிப்பது காதில் கேட்கிறது, தலை சுற்றுகிறது, விரலெல்லாம் மரத்துப் போகிறது. எழுந்து ஓடிவிடலாம் போல் இருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் இப்படி? (பெயர் வேண்டாம், ஈரோடு)

உங்களுக்கு மட்டும் இல்லை அம்மா. இதை முதலில் நம்புங்கள், ஏனென்றால் 'எல்லாருக்கும் வருகிற ஒன்று எனக்கு வரவில்லையே' என்பதே தனிப் பயமாகிவிடும். ஓய்வெடுக்க உட்காரும்போதே படபடப்பு ஏறுவதைப் பற்றி ஹைடே, போர்கோவெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1983-லேயே எழுதியிருக்கிறார்கள், இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. எப்போதும் உஷாராகவே இருந்து பழகிய மனசு, காவலை விட்டால் ஏதாவது நடந்துவிடும் என்று பயப்படுகிறது.

தலை சுற்றுவதும் விரல் மரத்துப்போவதும் பெரும்பாலும் மூச்சு விடும் விதத்தால் வருவது. 'நல்லா ஆழமா மூச்சு விடு' என்று நம்மிடம் எல்லாரும் சொல்கிறார்கள், நாமும் நெஞ்சு நிறைய நிறைய இழுத்து இழுத்து விடுகிறோம். தேவைக்கு மேல் காற்று போய்வந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், உடனே தலை லேசாகும், விரலிலும் உதட்டைச் சுற்றியும் சுருசுருவென்று இருக்கும். இதே அறிகுறிகள்தான் பயம் வந்தாலும் வரும், அதனால் மனசு 'ஐயோ வந்துடுச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறது. உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மூச்சு சின்னதாக இருக்கட்டும், மெதுவாக இருக்கட்டும், ஆழம் வேண்டவே வேண்டாம். மூக்கு வழியாக, சாதாரணமாக எவ்வளவு இழுப்பீர்களோ அவ்வளவே, விடுவதை மட்டும் கொஞ்சம் நீட்டுங்கள். கண்ணைத் திறந்தே வையுங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரக்கிளையைப் பாருங்கள், பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கட்டும். இரண்டு நிமிஷம் போதும், மூன்றாவது நிமிஷம் வேண்டாம். அதுவும் முடியவில்லையென்றால் மூச்சையே விட்டுவிட்டு, வலது கையை இறுக்க மூடி ஐந்து நொடி வைத்திருந்து மெல்லத் திறந்து விடுங்கள், அப்புறம் தோள், அப்புறம் தாடை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தசை வழியாக மனசைத் தளர்த்தும் வழியைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வி.ஆர். உங்களுக்கு உதவுமா என்றால், உதவலாம், காரணம் கண்ணுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது, பார்வை உள்ளுக்குள் திரும்பாது. ஆனால் முகத்தை முழுக்க மூடும் கருவி சிலருக்கு மூச்சு முட்டும் உணர்வைக் கொடுக்கும். முதலில் சாதாரணத் திரையில் பழகி, அப்புறம் கூட ஒருவர் இருக்கும்போது ஒரு நிமிஷம் மாட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம் முன்னால், இன்னும் பார்க்கவில்லையென்றால், உங்கள் ஊர் டாக்டரிடம் தைராய்டு, ஹீமோகுளோபின், ஒரு ஈ.சி.ஜி. மூன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். படபடப்பு என்று வந்தவர்களில் ரத்தசோகையோடு வந்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: என் வாட்ச்சில் ஸ்ட்ரெஸ் 80 என்று காட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு ஸ்ட்ரெஸ் வருகிறது. நம்பலாமா? (கே., ஓசூர்)

வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அது தோலுக்கு அடியில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எப்படி மாறுகிறது என்று கணக்குப் போட்டு ஒரு எண் கொடுக்கிறது. ஏன் மாறியது என்று அதற்குத் தெரியாது. மாடிப்படி ஏறினீர்களா, ராத்திரி தூங்கவில்லையா, காபி குடித்தீர்களா, காய்ச்சல் வரப்போகிறதா, பொண்ணு பாஸ் ஆன சந்தோஷமா, எல்லாம் அதற்கு ஒன்றுதான். வாட்ச்சும் அசைந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஒரு நேரத்து எண்ணை விட்டுவிடுங்கள், அறிவிப்பு வருவதை இன்றைக்கே நிறுத்திவையுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே உள்ள எண்ணை மட்டும் வாரா வாரம் பாருங்கள், அதுவும் உங்களுடைய போன மாசத்தோடு மட்டும். வயசு ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் இயல்பாகவே குறையும், தம்பியின் வாட்ச்சோடு ஒப்பிட வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் இந்தக் கணக்கையே பார்க்க வேண்டாம், அவர்களுக்கு அது பொருந்தாது.

கேள்வி: மால் ஒன்றில் வி.ஆர். போட்டுப் பார்த்தேன், ஐந்தே நிமிஷத்தில் குமட்டல். ரிலாக்ஸ் ஆக இதையா சொல்கிறார்கள்? (பி., மதுரை)

கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ்ஸில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? வண்டி திரும்புவது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குத் தெரிகிறது, கண் எதிரே திரை அசையாமல் இருக்கிறது. வி.ஆரில் இது தலைகீழ், கண் பறக்கிறது, காது 'நீ நாற்காலியில்தான் இருக்கிறாய்' என்கிறது. மால்களில் போடுவது பெரும்பாலும் ரோலர் கோஸ்டர் மாதிரி ஆட்டம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓய்வுக்கான காட்சி என்றால் நீங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் இலையோ தண்ணீரோ மட்டும் அசைய வேண்டும். மூன்று நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். வயிற்றில் லேசாகப் புரட்டினாலே கழற்றிவிடுங்கள், தாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பழகிவிடும் என்பது தப்பு, இன்னும் மோசமாகும். கழற்றியதும் வண்டி எடுக்காதீர்கள். வலிப்பு வந்தவர்களும் அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே வேண்டாம். ஒளி மின்னுவதால் கடும் தலைசுற்றலோ வலிப்போ வருவது 4,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று ஹெட்செட் நிறுவனங்களே எச்சரிக்கை போடுகின்றன.

கேள்வி: என் 8 வயசு மகன் பரீட்சை என்றாலே அழுகிறான். அவனுக்கு வி.ஆர். வாங்கலாமா? (ஒரு அப்பா, சேலம்)

வேண்டாம். மெட்டா நிறுவனமே 10 வயசுக்குக் கீழே கூடாது என்கிறது, சோனி 12 என்கிறது. சோப்புத் தண்ணீரும் ஒரு வளையமும் வாங்கிக் கொடுத்து, மெதுவாக ஊதிப் பெரிய குமிழி விடச் சொல்லுங்கள், வேகமாக ஊதினால் உடைந்துவிடும், அதுவே அவனுக்கு பயோஃபீட்பேக். பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து ஊதுங்கள். அழுகைக்குக் காரணம் பரீட்சைதானா, இல்லை மார்க் வந்ததும் வீட்டில் நடப்பதா என்றும் பாருங்கள்.

கேள்வி: மன அழுத்தத்துக்கு ஆறு மாசமாக மாத்திரை சாப்பிடுகிறேன். வி.ஆர். சிகிச்சை எடுத்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா மேடம்? (ஒரு வாசகி, திருச்சி)

நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

நம் தமிழில் 'மன அழுத்தம்' என்ற சொல்லை இரண்டு விஷயத்துக்கும் சொல்கிறோம், அதனால் நிறையக் குழப்பம் வருகிறது. வேலை, கடன், பரீட்சை என்று வெளியே இருந்து அமுக்குவதால் வரும் டென்ஷன் ஒன்று. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எழுந்து குளிக்கவே முடியாமல் போகிற மனச்சோர்வு இன்னொன்று. ஆறு மாசம் மாத்திரை என்றால் உங்களுக்கு இரண்டாவதாக இருக்கலாம். நான் மேலே எழுதியதெல்லாம் முக்கியமாக முதலாவதற்கு. இரண்டாவதற்கு மூச்சுப் பயிற்சி பக்கத்துணையாக நிற்கும், மாத்திரையின் இடத்தை எடுத்துக்கொள்ளாது.

வி.ஆருக்கு நல்ல சான்றுள்ள இடங்களிலும் இதே கதைதான். 2021 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. (மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் அரசு அமைப்பு) நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வி.ஆர். கருவியை அனுமதித்தது, இப்போது 'ரிலீவ்ஆர்எக்ஸ்' என்று பெயர். 8 வாரம், மொத்தம் 56 முறை, ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிஷம். அதில் நம் மூச்சை ஹெட்செட்டின் மைக்குக்குத் திருப்பிவிடும் ஒரு சின்ன இணைப்பும் உண்டு, மூச்சுக்குத் தக்கபடி காட்சி மாறும். 179 பேரை வைத்துப் பார்த்த சோதனையில், அதைப் பயன்படுத்தியவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஹெட்செட்டில் சாதாரண இயற்கைக் காட்சிகளை மட்டும் பார்த்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு அப்படிக் குறைந்தது. நல்ல வித்தியாசம்தான், ஆனால் அந்த 41-ஐயும் மறக்கக் கூடாது, வெறும் காட்சிக்கும் தினமும் உட்கார்வதற்கும் எதிர்பார்ப்புக்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது. இவ்வளவும் பார்த்துவிட்டும் எஃப்.டி.ஏ. அதை மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துக் கொடுக்கும் துணைச் சிகிச்சையாகத்தான் அனுமதித்திருக்கிறது.

உங்கள் டாக்டரிடம் 'எப்போது, எப்படிக் குறைக்கலாம்' என்று நேராகவே கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. நடுவில் மனசு ரொம்பக் கீழே போனால், உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசின் டெலி மானஸ் சேவை, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

கேள்வி: ஹெட்செட், சென்சார் எதுவும் வாங்க வசதி இல்லை. வீட்டிலேயே செய்ய ஏதாவது வழி உண்டா? (ல., நாகர்கோவில்)

உண்டு, உங்கள் கையிலேயே இருக்கிறது. இடது கையைத் திருப்பி மடியில் வைத்து, பெருவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரலை லேசாக வைத்தால் நாடி தட்டுப்படும். அமுக்க வேண்டாம். ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுங்கள், ஐந்து எண்ணும்வரை விடுங்கள். நாலைந்து மூச்சுக்குப் பிறகு, இழுக்கும்போது நாடி கிட்டக் கிட்டத் தட்டுவதும், விடும்போது தள்ளித் தள்ளித் தட்டுவதும் விரலுக்குத் தெரியும். எல்லாருக்கும் முதல் நாளே தெரிந்துவிடாது, வயதானவர்களுக்கு வித்தியாசம் குறைவாகவே இருக்கும். தெரிந்த அன்றைக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள்.

கை வெப்பம் பார்க்க ஆசை என்றால், மீன் தொட்டிக்குப் போடும் வயர் வைத்த சின்ன டிஜிட்டல் வெப்பமானி போதும், அதன் முனையை ஆள்காட்டி விரலோடு டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, 32 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் 'லோ' என்றுதான் காட்டும், நமக்கு வேண்டியதே அதற்குக் கீழே இருப்பதுதான். ஃபேனுக்கு நேரே உட்காராதீர்கள். சித்திரை வெயிலில் கை தானாகவே சூடாகத்தான் இருக்கும், அப்போது நாடியை மட்டும் பாருங்கள். விடியற்காலையில், ஒரே இடத்தில், காபிக்கு முன்னால், தினமும் 10 நிமிஷம். ஆரம்பத்தில் எத்தனை டிகிரி, முடிவில் எத்தனை டிகிரி என்று காலண்டர் கட்டத்திலேயே எழுதி வையுங்கள். ஒரு மாசம் ஆனதும் அந்தத் தாளைக் கிழிக்காமல் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், இறங்கின நாட்களையும் சேர்த்து.